அதே பாவம், மறுபடியும்

பழைய மன்னிப்புகள் இனி செல்லாமல் போகலாம் என்று சபையில் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று வழுக்கிக் கீழே இறங்கியது. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் அவரவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோதும் அது மேலே ஏறி வரவில்லை.

அறிவித்தவர் முத்திரை ஐயா. எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி எடைக்கற்களைக் கையில் தூக்கிப் பார்த்து, சரியானதற்கு முத்திரை குத்தி, குறைந்ததைப் பறிமுதல் செய்தே வாழ்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய கை சும்மா இருக்க முடியாமல் தவித்தது. சபை அதன்மேல் இரக்கப்பட்டு ‘விசுவாச உறுதிக் குழு’ என்று ஒன்றை அமைத்து அவரைத் தலைவராக்கியது.

“அன்பானவர்களே, பாவம் செய்யாத மனுஷர் இல்லை. குழு அதை ஒப்புக்கொள்கிறது,” என்றார் அவர். “மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு. அதையும் குழு ஒப்புக்கொள்கிறது. ஆனால் திரும்பின ஆள் மறுநாளே அதே பாவத்தைச் செய்கிறார் என்றால், அன்றைக்குத் திரும்பினது மனம் இல்லை, கழுத்து. ஆகவே ஒரே பாவத்துக்கு இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்கிறவருடைய முதல் மன்னிப்பும் ரத்தாகும். அப்படிப்பட்டவருடைய விசுவாசம் அசலா போலியா என்று குழு பரிசோதிக்கும். தேறினவர்களுக்குப் பித்தளை வில்லை கொடுக்கப்படும். வில்லை இல்லாதவர்கள் வருகிற திருவிருந்தில் அப்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நடப்பதற்குக் குழு பொறுப்பில்லை.”

அப்பத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்தில் போதகர் நின்றிருந்தார். மெல்லிய குரல்காரர். எதிராளி இருமினால்கூடத் தான் பேச வந்ததை மறந்துவிடுகிறவர். அறிவிப்பு முடியும்வரை அவர் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு பல்செட்டுக் கூடத்தில் வேலை செய்தாள். மெழுகில் ஈறு வார்ப்பது, பல் பதிப்பது, கடித்துப் பார்த்து இழைப்பது. சபையில் எல்லோருக்கும் அவள் ‘பல்செட்டு அக்கா’. முன்வரிசையில் தெரிந்த சிரிப்புகளில் பாதிக்கு மேல் அவள் கையால் செய்தவை. ‘போலி’ என்று முத்திரை ஐயா சொன்னபோது அந்த வரிசை முழுவதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

மற்றவர்களுக்கு விதவிதமான பாவங்கள் இருந்தன. மாற்றி மாற்றிச் செய்து ஒப்பேற்றிவிடலாம். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது வேலைக்கு வரும் ஆள் மாதிரி தினமும் காலையில் வந்து நின்றது.

மறுநாளும் வந்தது.

மாமியார் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தாள். லாரி ஓட்டும் மகன் மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில். வீட்டில் இருந்தது மருமகளும் மாமியாரும், மருமகள் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த ஒரு பல்செட்டும். அசையக்கூடிய ஒரே கையை வைத்துக்கொண்டு மாமியார் அந்தப் பல்செட்டை எங்காவது ஒளித்துவைப்பாள். தலையணை உறைக்குள், பவுடர் டப்பாவுக்குள், ஒருமுறை ரேடியோவின் பேட்டரி போடும் இடத்தில். பேட்டரிகளை எங்கே போட்டாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

“அத்தை, பல்லு எங்க?”

“எந்தப் பல்லு?”

“உங்க பல்லு.”

“என் பல்லெல்லாம் விழுந்து எத்தனை வருஷமாச்சு. நீ கல்யாணமாகி வந்தப்பவே கடைவாய் காலி. மறந்துட்டியா?”

“அத்தை, எனக்கு பஸ் போயிடும்.”

“அடுத்த பஸ் வராதா? அதுவும் விழுந்திடுச்சா?”

அவள் போர்வையை உதறினாள். மாமியாரை இந்தப் பக்கம் புரட்டி அடியில் கைவிட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாள். விரிப்பை இழுத்து, தலையணையைத் தட்டி, மறுபடி புரட்டினாள். ஒவ்வொரு புரட்டலுக்கும் மாமியார் “மெல்லடி, மூட்டையா நான்?” என்று முனகினாள். பல் மாமியாருடைய நல்ல கையின் அக்குள் இடுக்கில் இருந்தது.

அப்போது வாயைத் திறந்தாள் அவள். வீட்டில் சாமான்கள் அதிரும்படி ஒரு குரல் வந்தது. மாமியார் படுக்கையில் விழும்வரை தன்னிடம் இருப்பதாக அவளுக்கே தெரியாத குரல். “என் உயிரை வாங்கத்தான் படுத்திருக்கீங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை நிம்மதியா வேலைக்குப் போக விடறீங்களா?” எல்லாம் சொல்லி முடித்தபிறகு கடைசியில் எப்போதும் வரும் அந்த வாக்கியமும் வந்தது. “போய்ச் சேர மாட்டீங்களா!”



வழக்கமாக அவள் உடனே கட்டிலருகில் உட்கார்ந்து, “மன்னிச்சிடுங்க அத்தை,” என்பாள். “சரி சரி, பல்லைப் போடு, பசிக்குது,” என்பாள் மாமியார். பிறகு பஸ் நிறுத்தத்தில் கண்ணை மூடி ஆண்டவரிடம் ஒருமுறை கேட்பாள். இப்படித்தான் அவளுடைய நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

இன்று வார்த்தை தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. இன்று கேட்டால் நேற்றையது ரத்து. நேற்றையது ரத்தானால் அதற்கு முந்தினது? பின்னாலேயே போய்ப் போய், சின்னப் பெண்ணாக முதன்முதலில் முழங்கால் போட்டு அழுத அந்த மாலை வரைக்கும் எல்லாம் சரிந்துவிடுமா? அந்த மாலையில்தான் யாரோ தலையில் கைவைத்த மாதிரி இருந்தது. அது அசலாக இல்லாவிட்டால் பிறகு அவளிடம் அசலாக என்னதான் இருக்கிறது?

கேட்காமலேயே அவள் பல்லைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

“என்னடி, ஒண்ணும் சொல்லாமப் போற?” என்றாள் மாமியார் முதுகுக்குப் பின்னால்.

குழுவின் விசாரணை ஞாயிறு பள்ளி வகுப்பறையில் நடந்தது. காத்திருக்கிறவர்களுக்குக் குழந்தைகளின் நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குழந்தைகள் வரைந்த ஆட்டுக்குட்டிகள் சிரித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் அவற்றை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் தையல்காரர். அவர் மெதுவாகச் சாய்ந்தார்.

“அக்கா, உங்களுக்குக் கோபம்தானே?”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“உங்க தெருவுக்கே தெரியும். எனக்குப் பொய். நாளைக்குத் தர்றேன்னு சொல்லாம உலகத்துல யாராவது சட்டை தைக்க முடியுமா? ஒண்ணு செய்வோம். இந்த வாரம் நீங்க உள்ள போய்ப் பொய்னு சொல்லுங்க. நான் கோபம்னு சொல்றேன். ரெண்டு பேருக்கும் புதுப் பாவம். புதுசுக்கு மன்னிப்பு உண்டு.”

“ஆனா நான் பொய்யே சொல்லலையே?”

“உள்ள போய் சொன்னீங்கன்னா அது பொய்தானே? உங்களுக்குச் சரியாயிடும்.” அவர் யோசித்தார். “எனக்குத்தான் உதைக்குது. கோபம்னு நான் சொன்னா அது பழைய பொய்யில சேருமா?”

எதிரில் இருந்த பெண் திரும்பி, “பொறாமை யாருக்காவது வேணுமா? என்கிட்ட ரெண்டு மூணு இருக்கு,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் யோசித்தார்கள்.

அவளைக் கூப்பிட்டபோது கால் மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். மேசைமேல் ஒரு தராசு இருந்தது. முத்திரை ஐயா தன் வேலைக்காலத்தின் நினைவாக வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதன் ஒரு தட்டில் வில்லைகள் குவிந்திருந்தன. வெறுமையான இன்னொரு தட்டு அந்தரத்தில் நின்றது. அந்தத் தட்டில் தன்னை ஏறி உட்காரச் சொல்வார்களோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

குழுவின் செயலாளர் அம்மா பேச்சைத் தொடங்கினாள். காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லும் பிரிவில் நல்ல பெயர் எடுத்தவள்.

“பயப்படாதீங்கம்மா. கிருபை இலவசம்தான். குழு அதை என்னைக்கும் மறுத்தது கிடையாது. ஆனா இலவசமா குடுக்கற பொருளைத்தான் யோசிச்சுக் குடுக்கணும். காசுக்கு விக்கிறதை யார் வாங்கினா நமக்கென்ன?”

“உங்க பாவம்?” என்றார் முத்திரை ஐயா.

“கோபம், ஐயா. மாமியார்கிட்ட.”

“எத்தனாவது தடவை?”

அவளுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் வேலைக்காலத்துச் சுறுசுறுப்பு வந்தது.

“நான் பணியில இருந்தப்ப ஒரு கடைக்காரன் என் காலைப் பிடிச்சான். எடை குறைஞ்சு போச்சு, புள்ளைக்கு உடம்பு சரியில்ல, இந்த ஒரு தடவை விட்டுடுங்கன்னு அழுதான். நான் விட்டேனா? வீட்டுக்குப் போய்க் காலைத்தான் கழுவினேன். இளகின மனசுகிட்ட நியாயம் இருக்காதும்மா.” அவர் குரலில் அந்த நாளின் இனிமை இருந்தது. “என்னையே எடுத்துக்குங்க. நான் கடைசியா பாவம் செஞ்சது நம்ம சபை பழைய கட்டடத்துல இருந்தப்ப. புதுக் கட்டடத்துக்கு வந்தப்புறம் சந்தர்ப்பம் அமையலை.”

செயலாளர் அம்மா பக்தியோடு தலையசைத்தாள்.

அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “ஐயா, ஒண்ணு கேட்கலாமா? நான் கத்தினதும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் வருத்தமாத்தான் இருக்கு. அது நடிப்பு இல்ல. அந்த வருத்தம் எதுலயும் சேராதா?”

முத்திரை ஐயா தராசை விரலால் தொட்டார். வெறும் தட்டு ஆடியது.

“வருத்தத்தை நான் எதுல வெச்சு நிறுப்பேன்?”

அவள் போதகரைப் பார்த்தாள். அவர் மூலையில், மூன்றாவது ஆளாக, தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். செயலாளர் அம்மா இருமினாள். அவர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

“ஒரு வாரம் தர்றோம்,” என்றார் முத்திரை ஐயா. “கத்தக்கூடாது. ஒரு சத்தம் வரக்கூடாது. பக்கத்து வீடுகள்ல குழு விசாரிக்கும். தேறினா வில்லை. இல்லைன்னா நீங்க இத்தனை வருஷமா விசுவாசின்னு சொல்லிட்டிருந்ததே ஒரு தவறான முத்திரைன்னு நாங்க எடுத்துக்க வேண்டியிருக்கும்.”

“எப்படி ஐயா கத்தாம இருக்கறது? நான் முயற்சி பண்ணாமலா இருக்கேன்?”

“இது ஒரு விஷயமாம்மா?” என்றாள் செயலாளர் அம்மா. “எதைப் பார்த்தா கோபம் வருதோ அதுகிட்டயே போகாதீங்க.”

அந்த வாரம் சபை முழுவதும் பாவத்தை விட்டு விலகியது. தையல்காரர் கடையைச் சாத்திவிட்டார். வாடிக்கையாளரே இல்லாதபோது யாரிடம் பொய் சொல்வது? எந்நேரமும் சண்டை போடும் தம்பதி வீட்டின் நடுவில் பலகை அடித்துக்கொண்டார்கள். தனிப்பாடல் யாருக்கு என்ற பொறாமை வராமலிருக்கப் பாடகர் குழு பாடுவதை நிறுத்தியது. பிள்ளைகளிடம் எரிந்து விழாமலிருக்க ஞாயிறு பள்ளி ஆசிரியை பிள்ளைகளை வரவேண்டாம் என்றாள். நோயாளிகளைப் பார்க்கப் போகும் பெண்கள் வழியில் புறம் பேச நேரிடுவதால் போவதை விட்டார்கள். நோயாளிகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சபையில் இவ்வளவு தூய்மையை இதுவரை பார்த்ததில்லை என்று முத்திரை ஐயா கண் கலங்கினார்.

அவளும் செயலாளர் அம்மா சொன்னபடியே செய்தாள். பாலில் ரொட்டியைக் குழைய ஊறவைத்துக் கட்டிலருகில் வைத்தாள். குழைந்த ரொட்டிக்குப் பல் தேவையில்லை. பல் தேவையில்லை என்றால் தேடல் இல்லை. தேடல் இல்லையென்றால் கோபம் இல்லை. எவ்வளவு எளிதாக இருந்தது! மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், தட்டை வைத்து, கீழே விரித்த துணியை அப்படியே உருவி மாற்றி, முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவாள். குளத்தில் முங்கி எழுகிற மாதிரி.

முதல் நாள், “பல்லைத் தேட மாட்டியா?” என்று குரல் வந்தது. அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் குரலும் கூடவே வந்துவிடுமோ என்று பயம். அடுத்த நாள், “இன்னிக்கு நல்ல இடத்துல வெச்சிருக்கேன். உன்னால கண்டுபிடிக்கவே முடியாது,” என்றாள் மாமியார். அவள் தட்டை வைத்துவிட்டு வந்தாள். அதற்கும் அடுத்த நாள் பல்செட்டு வெளியிலேயே இருந்தது. மேசையில், தட்டு வைக்கும் இடத்தில், நேராக வாசலைப் பார்த்து. அவள் அதை ஓரமாகத் தள்ளி, தட்டை வைத்தாள்.

அப்புறம் மாமியார் எதுவும் சொல்லவில்லை.

வேலையிடத்தில் மெழுகை உருக்கும்போது தனக்குள் அமைதி வந்துவிட்டதா என்று அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பல் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய்ப் பார்க்கிற மாதிரி. கோபம் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. அங்கே வேறு எதுவும் இல்லை. அதுதான் பரிசுத்தமோ என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் குளிரெடுத்தது.

சனிக்கிழமை மதியம் அவளை மேசைக்கு எதிரில் நிறுத்தி, முத்திரை ஐயா எழுந்து நின்று அறிவித்தார். “பக்கத்து வீடுகளில் விசாரித்தோம். அந்த வீட்டில் ஆள் இருக்கிற சத்தமே இல்லை என்று சொன்னார்கள். இதுதான் உண்மையான விசுவாசம்.” செயலாளர் அம்மா கைதட்டினாள். போதகரும் தட்டினார், ஒரு கை இன்னொரு கையைத் தொடாமல்.

வில்லை சின்னதாக, கனமாக, சில்லென்று இருந்தது. வயிற்றுக்குள் இறங்கினது இப்போது ஏறி வந்துவிடும் என்று அவள் வழியெல்லாம் காத்திருந்தாள். வரவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. வாரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வந்ததில் அவளுக்குத் தெரியாமல் போன வாடை.

வில்லையை மேசையில் வைத்துவிட்டு மாமியாரைப் புரட்டினாள். அந்த வாரத்தில் முதல் முறையாக. இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து சிவந்து நீர் கோத்திருந்தது. வட்டமாக, ஏறக்குறைய அந்த வில்லை அளவுக்கு.

புரட்டாமல் கிடத்தினால் படுக்கைப்புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். புரட்ட வேண்டும் என்று அவள் தனியாக என்றைக்கும் நினைவு வைத்துக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை. தினமும் பல்லைத் தேடினாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, திட்டிக்கொண்டே. அந்தத் தேடல்தான் இத்தனை காலம் இந்தத் தோலைக் காப்பாற்றி வைத்திருந்தது. தேடல் நின்றது, புண் வந்துவிட்டது.

“அத்தை,” என்றாள். “ஏன் சொல்லலை?”

மாமியார் கண்ணைத் திறந்து அவளை நிதானமாகப் பார்த்தாள்.

“யாரு, நீயா? செத்துகித்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்.”

“தினமும் வந்தேனே அத்தை.”

“நீ எங்க வந்த? தட்டுதான் வந்துச்சு.”

அவள் மருந்துக்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் சொன்னபடி கழுவி, மருந்து தடவி, பஞ்சு வைத்துக் கட்டினாள். கத்தினால் நரகம் என்று பயந்தவளுக்கு, கத்தாமல் இருந்தே அங்கே போய்ச் சேர இப்படி ஒரு வழி இருப்பது இதுவரை தெரியாது. இந்த வழிக்கு வில்லை வேறு கொடுத்திருக்கிறார்கள்.

“மன்னிச்சிடுங்க அத்தை.”

“சரி சரி. அந்தப் பக்கமா திருப்பிவிடு.”

மறுநாள் காலை வில்லையைக் காணவில்லை.

மேசையில்தான் வைத்திருந்தாள், பஞ்சுக்கும் மருந்துக்கும் பக்கத்தில். மாமியாரின் நல்ல கை எட்டுகிற தூரம். ஆராதனை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

“அத்தை, வில்லை எங்க?”

“எந்த வில்லை?”

“பித்தளை வில்லை. நேத்து வெச்சேனே.”

“பித்தளையா? நான் தங்கம்னுல்ல நினைச்சேன்,” என்றாள் மாமியார். ஒரு வாரமாக இறந்து கிடந்த முகத்தில் குறும்பு மெல்ல ஊறி வந்தது.

புண் படாமல் புரட்டினாள். விரிப்பை உதறினாள். தலையணை, பவுடர் டப்பா, ரேடியோ எல்லாம் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வில்லையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அது இல்லாமல் அந்த வாசலில் போய் நிற்பதை நினைத்தபோது பயமாக இருந்தது. அந்தப் பயத்திலிருந்துதான் கோபம் கிளம்பியது. எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பியதோ என்னவோ. வாயைத் திறந்தாள். ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கத்தினாள். நிறுத்த நினைத்தாள், நினைக்கும்போதே கடைசி வாக்கியமும் வெளியே வந்து விழுந்தது. “போய்ச் சேர மாட்டீங்களா!”



“இப்பத்தான் நீ வந்திருக்க,” என்றாள் மாமியார். ஆனால் அவள் கண் ஓரத்தில் நீர் இருந்தது. “எல்லாம் கத்திக்கோ. அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் வேண்டாம்டி. அது வலிக்குது.”

இத்தனை வருஷத்தில் மாமியார் இதைச் சொன்னதில்லை. ‘சரி சரி’ என்பது ஒன்றுமே நடக்காததால் வந்த சொல் என்று அவள் நினைத்திருந்தாள். வலியை விழுங்கிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் அது வந்திருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். விதிப்படி பார்த்தால், இப்போது வாயைத் திறந்து கேட்டால் அவளுக்குக் கிடைத்தது எல்லாமே சரியும், அந்தச் சின்னப் பெண்ணின் மாலை வரைக்கும். சரியட்டும் என்று தைரியமாகவெல்லாம் அவள் நினைக்கவில்லை. பயந்துகொண்டே கேட்டாள்.

“மன்னிச்சிடுங்க அத்தை. மறுபடியும்.”

“சரி,” என்றாள் மாமியார். மூக்கை உறிஞ்சினாள். “பல்லைப் போடு. என்னையும் கூட்டிட்டுப் போ. ஒரு வாரமா சுவத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு.”

சக்கர நாற்காலியில் மெத்தை போட்டு, புண் அழுந்தாமல் ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். பாடல் இல்லாத ஆராதனை பாதி முடிந்திருந்தது. திருவிருந்துக்கு வில்லைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பாவம் ஏதும் வந்துவிடாதபடி குனிந்துகொண்டே போனார்கள். பீடத்தருகில் முத்திரை ஐயா வில்லை வாங்கும் தகரப் பெட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் போதகர், அப்பத் தட்டோடு.

“வில்லை?”

“இல்லை, ஐயா.”

“நேத்துதானே குடுத்தோம்? ஒரு வாரமா பாவமே செய்யலைன்னு?”

“அந்த வாரத்துலதான் ஐயா பெரிய பாவம் செஞ்சேன்.” பல் ஒன்றோடொன்று இடித்தது, அவளுடைய சொந்தப் பல். “இன்னைக்குக் காலையில மறுபடி கத்தியும் விட்டேன்.”

“அதே பாவமா?”

“அதேதான்.”

“அப்ப உங்க விசுவாசம் என்னன்னு நீங்களே சொல்லிடுங்களேன்.”

சபை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள். அங்கே காட்டும்படியாக ஒன்றும் இல்லை. பயம் இருந்தது. பசி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

“தெரியலை ஐயா. ரொம்ப பயமா இருக்கு. வேற எங்க போறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்து நிக்கறேன்.”

“வழியை விடுங்க. பின்னால ஆள் நிக்குது.”

செயலாளர் அம்மா முன்வரிசையிலிருந்து எச்சரிக்கையாக இருமினாள். போதகர் திடுக்கிட்டார். அவருடைய பார்வை வழக்கம்போல் கட்டைவிரல் நகத்துக்குப் போனது. அந்த விரல் அப்பத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

“எனக்கும் வில்லை இல்லை, ஐயா,” என்றார்.

“போதகரே, உங்களை யாரும் பரிசோதிக்கவே இல்லையே?”

“அதான் தப்பிச்சேன். என் பாவம் பயம், ஐயா. சொல்ல வேண்டியதைச் சொல்லாம நிக்கறேன். சாயங்காலம் அழுது கேட்கறேன். மறுநாள் மறுபடி வந்து பேசாம நிக்கறேன். அந்த ரூம்ல இந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் தண்ணி குடிச்சேன். வில்லை வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் இந்த விருந்துன்னா, இதைப் பிட்டுக் குடுக்க இங்க ஒரு கைகூட மிஞ்சாது.”

“குழு இதைக் கவனிக்கும்,” என்றார் முத்திரை ஐயா. ஆனால் அவர் கையிலிருந்த பெட்டிக்குள் வில்லைகள் கலகலவென்று ஒலித்தன. கை நடுங்காமல் ஒரு பெட்டி அப்படி ஒலிக்காது.

போதகர் அப்பத்தைப் பிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார். கூரை இடிந்து விழவில்லை. அவள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். வில்லை இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரர் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், நின்றுகொண்டே இருந்தார்.

“எனக்கு?” என்றாள் மாமியார் கீழேயிருந்து, சபைக்கே கேட்கும்படி.

போதகர் குனிந்தார். மாமியார் வாயைத் திறந்தாள். வெறும் ஈறு பளபளத்தது.

அவள் அதிர்ந்துபோனாள். வீட்டில் தன் கையால் மாட்டிவிட்ட பல்.

“அத்தை, பல்லு எங்க?”

“எந்தப் பல்லு?”

அவளுக்குள் அது கிளம்பியது. அப்பம் இன்னும் நாக்கில் கரையவில்லை. அது அங்கே இருக்கும்போதே, அதன் அடியிலிருந்து, அதே கோபம், அதே இடத்திலிருந்து, சூடாக ஏறி வந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று அவள் திகைத்தாள். இந்தப் பயம் இனி என்றைக்கும் போகாது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

முழங்காலிட்டு, புண் இல்லாத பக்கமாக மாமியாரை மெல்லச் சாய்த்து, மெத்தையின் இடுக்கில் கைவிட்டுத் தேடத் தொடங்கினாள்.

“மெல்லடி,” என்றாள் மாமியார், சந்தோஷமாக. “மூட்டையா நான்?”

விரலில் முதலில் தட்டுப்பட்டது வட்டமாக, கனமாக, மாமியாரின் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அவள் கையை இன்னும் உள்ளே விட்டாள்.